கீழ்த்தட்டில் வைத்த தேயிலை

அந்த மடக்கை நான் துப்பவில்லை. விழுங்கிவிட்டேன்.

தேயிலை ருசி பார்க்கிறவன் விழுங்கக் கூடாது. கரண்டியால் அள்ளி, சத்தம் வர உறிஞ்சி, நாக்கின் எல்லாப் பக்கமும் ஓடவிட்டு, பக்கத்தில் இருக்கும் சட்டியில் துப்பிவிட வேண்டும். ஒரே காலையில் பத்துப் பதினைந்து கோப்பை பார்க்கிறவனுக்கு வேறு வழியில்லை. எல்லாவற்றையும் விழுங்கினால் பாதி வழியிலேயே நாக்கு மரத்துவிடும், மத்தியானம் நெஞ்சு படபடக்கும். இந்த ஒழுங்கை நான் பல வருஷமாக மீறியதில்லை. அன்று மீறினேன். அதுவும் எறிந்துவிடுவதற்காக எடுத்து வைத்த ஒரு டின்னிலிருந்து போட்ட தேத்தண்ணீருக்காக.

குசினி மேசையில் பன்னிரண்டு கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஜன்னலுக்கு வெளியே பாலாவிச் சந்திக்குப் போகிற லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது. சுடுதண்ணீர் ஊற்ற உதவிக்கு நின்ற மருமகள் ரிஸானா என் முகத்தையே பார்த்தாள்.

"என்ன மாமா, விழுங்கிட்டீங்க?"

"மகள், இது எந்த டின்?"

"கீழ்த்தட்டில நீங்க எடுத்துத் தந்ததுதான். மாணிக்கம் அங்கிள்ட கடைசி டின்."

இன்னொரு மடக்குக் குடித்தேன். அதையும் விழுங்கினேன். கோப்பையை மேசையில் வைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன் இதே தேயிலையைக் குடித்துவிட்டு நான் சொன்ன ஒரு சொல் ஞாபகம் வந்துவிட்டது.

சுபைதாவின் அலுமாரி

இந்தப் பக்கங்களை இன்றுதான் முதல்முறை புரட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் உப்புக்காரன். பாலாவிக்கும் உப்புநீர்க் களப்புக்கும் இடையில் சில பாத்திகள் வைத்து உப்பு விளைவித்து, லொறியில் ஏற்றி, நானே கூடப் போய் விற்று வந்தவன். இப்போது பாத்திகளை மகன் பார்க்கிறான். நான் தேயிலையைப் பார்க்கிறேன்.

என்னிடம் நாற்பத்திரண்டு டின்கள். பால்மா டின், பிஸ்கட் டின், கண்டியில் தேடி வாங்கிய இறுக்கமான மூடி டின் என்று எல்லா வகையும் உண்டு. எங்கள் பக்கத்துக் காற்று இரும்பைத் தின்னும். புது ஆணி அடித்தால் அடுத்த மழைக்குள் துரு வடியும். ஆகவே டின்னுக்குள் வெள்ளித்தாள் பை, பைக்குள் தேயிலை, மூடியின் விளிம்பைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஒரு பூச்சு. வெளியே மருந்துக்கடைப் பிளாஸ்டரை ஒட்டி ஊர், மாதம், என் தீர்ப்பு எல்லாம் எழுதியிருப்பேன். கருத்து என்று அடக்கமாக எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. தீர்ப்புத்தான்.

வைத்த இடம் என் மனைவி சுபைதாவின் சீதன அலுமாரி. அவளுடைய சாரிகள் கட்டிலுக்கடியில் பெட்டிக்குப் போயின. பூச்சி உருண்டை மணம் போக ஒரு மாதம் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அந்த ஒரு மாதமும் அவள் என்னோடு கதைத்தது கொஞ்சம்தான். தேயிலை பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் மணத்தை எடுத்துக்கொள்ளும் என்று எவ்வளவோ விளக்கினேன். "அப்ப என்ட சாரிக்கு மட்டும் மணம் வேணாமா?" என்று கேட்டாள்.

மூன்று தட்டு. மேல்தட்டில் இரத்தினபுரி, காலிப் பக்கத்துத் தாழ்நாட்டுத் தேயிலைகள். கறுப்பாக இறங்கும், தொண்டையைப் பிடிக்கும். "நெருப்பு" என்று எழுதி வைத்திருந்தேன். நடுத்தட்டு விருந்தாளிகளுக்கு. கீழ்த்தட்டில் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து உயர்நாட்டுத் தேயிலைகள். "பேர் பெரிசு, கோப்பையில் ஒன்றுமில்லை" என்பது அவற்றுக்கு என் தீர்ப்பு. உயர்நாட்டுத் தேயிலையைப் பற்றிப் பெருமையடிக்கிறவர்கள் வீட்டுக்கு வந்தால் அந்தத் தட்டைக் காட்டி வாயடைக்க வைப்பேன்.

போன மாதம் அலுமாரியின் பின்னங்காலைக் கறையான் பிடித்துவிட்டது. புதிதாக வாங்கிய அலுமினிய அலுமாரி சின்னது, முப்பது டின்தான் பிடிக்கும். கீழ்த்தட்டின் பன்னிரண்டும் குப்பைக்கு என்று முடிவு செய்தேன். ஆனாலும் எறிவதற்கு முன் ஒருமுறை ருசி பார்ப்பதுதான் நியாயம் என்று பட்டது. அந்த நியாயம்தான் என்னை மாட்டிவிட்டது.

என் நாக்கைப் பற்றி

என் நாக்கைப் பற்றி நானே சொல்வது அழகில்லை. ஆனால் வேறு யாரும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள்.

உப்பில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. ஒரு கல்லை நாக்கில் வைத்தால் போதும். அவசரப்பட்டு வாரின உப்பு அடிநாக்கில் கசக்கும். மழைக்குப் பிறகு வாரினது சீக்கிரம் கரைந்து ஓடும். மூன்று பேருடைய உப்பைக் கலந்து ஒரே மூட்டையில் கட்டிக் கொண்டுவந்த ஒரு வியாபாரிக்கு, எது எந்தப் பக்கத்துப் பாத்தி என்று கல் கல்லாகப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். அவர் அதற்குப் பிறகு என் வாசலுக்கு வரவில்லை.

இதே நாக்கைத்தான் தேயிலைக்கும் கொண்டுபோனேன். அதில் எனக்கு இருந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை இருந்ததாக ஞாபகமில்லை.

மலைக்கு ஏறிய உப்பு

உப்பு லொறி ஹட்டன் பக்கம் போகும். தோட்டத்துக் கூட்டுறவுக் கடைகளுக்கு மூட்டை இறக்கிவிட்டு இருட்டுமுன் திரும்ப வேண்டும். ஒரு நாள் மழையில் பாதை உடைந்து, ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் லொறியோடு மாட்டிக்கொண்டேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தவர்தான் மாணிக்கம்.

அவர் அங்கே டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தேயிலையாகி மூட்டை கட்டும்வரை பொறுப்பு அவருடையது. என்னைவிடப் பத்து வயது இளையவர், ஒல்லி, குரல் தாழ்ந்த குரல். வாயைக் கழுவிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆறு கோப்பை வைத்தார். எது பிடித்தது என்று கேட்டார். நான் நாலாவதைக் காட்டினேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. அன்று காலை அவர் மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருந்ததாம் அது.

"நீங்க உப்பு விக்கிற ஆளுங்களா?" என்றார், நம்பாமல்.

அன்றிலிருந்து என் லொறி ஆட்கள் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே அவரும் என்னை "நானா", அதாவது அண்ணன், என்றார். வருஷா வருஷம் தை, மாசியில், மலையில் காய்ந்த காற்று வீசித் தேயிலை நன்றாக இருக்கும் காலத்தில், ஒரு பார்சல் வரும். நான் ருசி பார்த்துப் போன் எடுப்பேன். அவர் மறுமுனையில் மூச்சுவிடாமல் காத்திருப்பார்.

"புரோக்கர் விலையை மனசுல வச்சுக்கிட்டுப் பேசுவாரு நானா. நீங்க அப்படி இல்ல. நீங்க சொன்னாத்தான் எனக்குத் திருப்தி."

சொல்லிச் சொல்லி என் தலையில் கொம்பு முளைக்க வைத்தவரும் அவர்தான்.

ஆரம்பத்தில் அந்தப் பார்சல்கள் எல்லாம் மேல்தட்டில் இருந்தன. பிறகு ஒரு வருஷம், "நல்லம், ஆனா போன வருஷத்தளவுக்கு இல்ல" என்றேன். அடுத்த வருஷம், "உயிர் குறையுது மாணிக்கம்" என்றேன். அவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கொழுந்தை உருட்டுவதற்கு முன் வாடவிடும் நேரத்தைக் கூட்டினார், பிறகு குறைத்தார். அடுப்புச் சூட்டை மாற்றினார். எதை மாற்றினாலும் நான் போனில் இன்னும் ஒரு படி கீழே இறங்கினேன். பார்சல்களும் தட்டுத் தட்டாக இறங்கின.

ஓய்வு பெற்ற வருஷம் கடைசியாக ஒன்று அனுப்பினார். மனேஜரிடம் கேட்டு, ஒரே மலையின் கொழுந்தை மட்டும் எடுத்து, ஆரம்பம் முதல் கடைசிவரை தன் கையாலேயே செய்தது. "இதுக்கு மேல எனக்குத் தெரியாது நானா" என்று சின்னக் கடிதமும் உள்ளே இருந்தது.

அன்று எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. போனை எடுத்து, "மாணிக்கம், இது கழிவுத் தேயிலை" என்றேன்.

தொழிற்சாலைத் தரையில் கூட்டி அள்ளுகிற தூசும் காம்பும்தான் கழிவுத் தேயிலை. குடிக்க விற்கவே கூடாதது. ஒரு டீமேக்கரிடம் சொல்லக் கூடாத சொல் ஒன்று இருந்தால் அது இதுதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். சொந்தக்காரனைத் தட்டிக் கேட்கிற உரிமையில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரிங்க நானா" என்றார்.

அதற்குப் பிறகு பார்சல் வரவில்லை. போன் வரவில்லை. உண்மையைச் சொன்னால் முறைத்துக்கொள்கிற ஆளோடு நமக்கென்ன கதை என்று நானும் விட்டுவிட்டேன். மூன்று தைப்பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. அவரும் பெருநாள் எதற்கும் சொல்லவில்லை.

வாளித் தண்ணீர்

இப்போது குசினி மேசைக்கு வருகிறேன்.

கழிவு என்று நான் சொன்ன தேயிலை கோப்பையில் செம்பு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. விளிம்பில் பொன் வளையம். வாயில் வைத்தால் முதலில் ஒரு சுறுசுறுப்பு, பிறகு நாக்கின் இரண்டு பக்கத்திலும் ஓர் இனிப்பு, விழுங்கி வெகுநேரம் கழித்தும் போகாத ஒரு பூ மணம். மூன்று வருஷம் டின்னில் கிடந்த பிறகும் இப்படி.

மற்றப் பதினொன்றையும் பார்த்தேன். எல்லாமே நன்றாக இருந்தன. என் தேயிலை அறிவு முழுவதும் அந்த மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

"டின்னை மாத்திட்டீங்களா மகள்?"

"இல்ல மாமா. தண்ணிதான் வேற." அவள் கேத்தலைக் கீழே வைத்தாள். "கிணத்து மோட்டர் எரிஞ்சு பாலாவியில திருத்தக் குடுத்திருக்கெல்லா. அதான் ஃபில்டர் தண்ணியக் கொதிக்க வச்சன்."

எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லாரும் கேனில் வாங்கும் ஃபில்டர் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். நான் தொட மாட்டேன். அது செத்த தண்ணீர், ருசியே இல்லை என்பது என் கட்சி. பிறந்ததிலிருந்து குடிக்கிற கிணறு இருக்கும்போது எனக்கென்ன கேன்?

"கிணத்து மூடியத் திறந்து ஒரு வாளி அள்ளச் சொல்லுங்க" என்றேன்.

வாளித் தண்ணீர் வந்தது. அதே டின், அதே கரண்டி அளவு, மணிக்கூட்டைப் பார்த்து அதே நேரம். இரண்டு கோப்பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்று செம்பு. மற்றது மண்ணிறமாகி, மேலே மெல்லிய ஆடை படிந்து, கலங்கிக் கிடந்தது. குடித்தேன். அதே சப்பு. மூன்று வருஷத்துக்கு முன் குடித்தது இதேதான்.

"எங்கட கிணத்துக்கு என்ன வந்தது?"

ரிஸானா கொஞ்சம் தயங்கினாள். "உப்பு மாமா."

"உப்பா? ஆருக்கிட்ட கதைக்கிறீங்க?"

"கோவிக்க வேணாம். நான் கல்யாணம் முடிச்சு வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும்."

ரிஸானாவின் குடும்பம் போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தது. அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே அகதி முகாமில். குடத்தோடு ஊர்க் கிணறு கிணறாக நின்ற பிள்ளைகள் அவர்கள். "எங்களுக்கு ஒரு வாய் வச்சாக் காணும் மாமா. இது குடிக்க, இது குளிக்க, இது கழுவ மட்டும் என்டு சொல்லிருவம். உங்கட கிணறு அப்பவே குளிக்கிற தண்ணி. இப்ப உப்பு இன்னும் கூட."

களப்பு உள்ளே ஏறி வருகிறது என்று ஊரில் எல்லாரும் கதைத்தார்கள். நானும்தான் கதைத்தேன், மற்றவர்கள் கிணறுகளைப் பற்றி. என் கிணற்றில் அது ஒரு நாளில் ஏறவில்லை. வருஷத்துக்குக் கொஞ்சம், மாதத்துக்குக் கடுகளவு. அதனோடு சேர்ந்து என் நாக்கும் பழகியிருக்கிறது. உப்பு மூட்டையைக் கல் கல்லாகப் பிரித்துக் காட்டுகிறவனுக்குத் தன் வாயிலேயே இருந்த உப்புத் தெரியவில்லை. தடித்த தாழ்நாட்டுத் தேயிலை அந்தத் தண்ணீரைத் தாங்கி நின்றது, அதனால் அது எனக்கு நெருப்பு. மென்மையான உயர்நாட்டுத் தேயிலை அதில் மூச்சு முட்டிச் செத்தது, அதனால் அது எனக்குச் சப்பு.

சுபைதா பின்வாசலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஃபில்டர் வாறதுக்கு முந்தி, இந்தத் தண்ணியில சோறாக்கக்குள்ள, நான் உப்புப் போடுறதையே விட்டுட்டன். உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னாக் கேக்கிற ஆளா நீங்க?"

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து என் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகிற கூட்டாளிகளை நினைத்தேன். ஒவ்வொருவரும் "மாஷா அல்லாஹ்" சொல்லுவார்கள். ஒவ்வொருவருடைய கோப்பையிலும் பாதி மிச்சமிருக்கும். மரியாதைக்கு மிச்சம் வைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

ஆனால் கூட்டாளிகள் என்னை மன்னித்துவிடுவார்கள். பிறகு சிரிப்பார்கள், அவ்வளவுதான். மாணிக்கத்தின் விஷயம் அப்படி இல்லை. ஒரு மனிதர் தன் வாழ்நாள் வேலையை ஒரு பொட்டலத்தில் கட்டி அனுப்பினார். நான் அதை உப்புத் தண்ணீரில் போட்டுக் குடித்துவிட்டுக் குப்பை என்றேன்.

கருவாடும் போத்தலும்

போன் எடுக்கலாமே என்றான் மகன். போனில் சொன்ன அநியாயத்தைப் போனிலேயே திருத்திவிட்டு வெற்றிலை போடுகிற ஆள் நான் இல்லை. போவதென்று முடிவு செய்தேன். செய்தது பிழை என்று தெரிந்த பிறகு அதைத் திருத்துவதில் எனக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை. பிழை என்று தெரிய வருவதற்குத்தான் எனக்குக் காலம் எடுக்கும்.

ஒரு பையில் அந்த டின். ஒரு போத்தலில் என் கிணற்றுத் தண்ணீர். சுபைதா கட்டாக் கருவாடு ஒரு பார்சல் கட்டித் தந்தாள். அதைத் தேயிலையோடு ஒரே பையில் வைக்கப் போனாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கருவாடு தனிப் பையில், பஸ்ஸின் மேல்தட்டில், என்னிடமிருந்து மூன்று வரிசைக்கு அப்பால் வந்தது.

குருநாகல், கண்டி, ஹட்டன். விடிய சுபஹ் தொழுதுவிட்டு ஏறினவன் மத்தியான லுஹர் நேரம் தாண்டித்தான் இறங்கினேன். கடைசிப் பார்சலில் இருந்த விலாசத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டே போனேன். தொழிற்சாலை வீட்டை விட்டுவிட்டு டவுனுக்கு வெளியே சின்ன வீடொன்றில் இருந்தார்கள்.

கதவைத் திறந்த அவருடைய மனைவி, "நானாவா? வாங்க, வாங்க" என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். மாணிக்கம் எழுந்து வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருக்கும் என்று நான் வழி முழுவதும் பதில் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். அது எல்லாம் வீணாகப் போயிற்று.

குடிக்க வந்தது கொத்தமல்லித் தண்ணீர்.

"தேத்தண்ணி இல்லையா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"வீட்ல தேயிலை வாங்குறதில்லீங்க" என்றார் அவர் மனைவி. சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டார்.

அவர் கோபித்த நேரம்

"என்னோட கோவமா மாணிக்கம்?" என்று நேராகவே கேட்டேன்.

"கோவமா? உங்க மேலயா?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "இல்லீங்க நானா. நீங்க சொன்னதுக்கு அப்புறம் உக்காந்து யோசிச்சேன். குறையுது, குறையுதுன்னு நீங்க நாலஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தீங்க. எனக்கு மட்டும் எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது. அப்ப கோளாறு எங்க? என் நாக்குலதானே?"

கொத்தமல்லிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பக்கத்துல சின்ன ஃபேக்டரி ஒண்ணு. வந்து பாத்துக்கச் சொல்லி அந்த முதலாளி மூணு தடவ வந்தாரு. நான் போகல. நாக்குப் போன ஆளு அங்க போய் என்ன பண்றது? அடுத்தவங்க சரக்கக் கெடுத்துடக் கூடாதுல்ல."

மூன்று வருஷமாக அவர் என்னை முறைத்துக்கொண்டு இருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் என்னை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். என் வாழ்க்கையில் என்னை யாரும் இவ்வளவு நம்பியிருக்க வேண்டாமே என்று அழுகை வந்தது. அழுதேன். சொல்வதில் வெட்கமில்லை.

பிறகு போத்தலையும் டின்னையும் மேசையில் வைத்தேன். என்ன என்று சொல்லவில்லை. அவர் மனைவியிடம் இரண்டு கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னேன், ஒன்றில் அவர்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் என் போத்தல் தண்ணீர். நானே தேயிலை போட்டேன்.

"எனக்கு வேணாங்க நானா. எனக்குச் சொல்லத் தெரியாது."

"எனக்காக ஒரு வாய்."

கரண்டியை எடுத்தார். முதல் உறிஞ்சலில் சத்தமே வரவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. இரண்டாம் முறை அந்தப் பழைய சத்தம் வந்தது. எழுந்து வாசலுக்குப் போய்த் தண்ணீர் ஓடும் கானில் துப்பிவிட்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இது என் தேயிலை" என்றார் மெதுவாக. "வயசாயிடுச்சு. மேல இருந்த மணத்துல பாதி போயிடுச்சு. ஆனா என் தேயிலைதான்."

இரண்டாவது கோப்பை. உறிஞ்சினார், துப்பினார். முகம் சுருங்கியது. மறுபடியும் உறிஞ்சினார்.

"இதுவும் அதே தேயிலைதான். ஆனா..." என்னைப் பார்த்தார். "இந்தத் தண்ணில உப்பு இருக்கு நானா. கொஞ்சநஞ்சம் இல்ல. இது எந்தத் தண்ணி?"

"என்ட கிணறு."

"இதுலயா நீங்க...?"

"ஓம். இதிலதான். உங்கட எல்லாப் பார்சலையும்."

"உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல்ல மாணிக்கம். உங்கட நாக்குக்கு ஒண்டும் வரல்ல. பழுதாப் போனது என்ட நாக்கு. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தன்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். இரண்டு கோப்பைகளையும் மாறி மாறிப் பார்த்தார். குசினிக் கதவில் அவர் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

அதுவரை கோபமே இல்லாதிருந்த மனிதருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அந்தத் தாழ்ந்த குரல் மேலே ஏறியது.

"ஒரு தடவ வேற தண்ணில போட்டுப் பாத்தீங்களா நீங்க? ஒரே ஒரு தடவ? தண்ணியப் பாக்காம தேயிலையப் பாக்கிறவன் எங்கயாவது இருக்கானா? நான் அங்க வாட்டத்தக் கூட்டுறேன், குறைக்கிறேன், அடுப்ப மாத்துறேன், பைத்தியக்காரன் மாதிரி நிக்கிறேன். நீங்க அங்க உப்புத் தண்ணியக் குடிச்சிட்டு எனக்குப் பாடம் எடுக்குறீங்க! மூணு வருஷம் நானா! மூணு வருஷம் நான் தேயிலைய வாயில வைக்கல!"

நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். என்னை யார் திட்டினாலும் திருப்பி இரண்டு கொடுக்கிறவன் நான். அன்று அவர் திட்டத் திட்ட என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிக்கொண்டே போனது. இன்னும் திட்டட்டும் என்று இருந்தது.

மூச்சு வாங்கி நிறுத்தினார். நல்ல தண்ணீரில் போட்ட கோப்பையைக் கையில் எடுத்தார். ஆறிப்போயிருந்தது. அதை இந்த முறை துப்பாமல் குடித்து முடித்தார்.

"மத்த டின்னெல்லாம் எப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார், என் முகத்தைப் பார்க்காமலே.

சொன்னேன். மேல்தட்டில் என்ன, நடுத்தட்டில் என்ன, கீழ்த்தட்டில் என்ன, ஒவ்வொன்றிலும் என்ன எழுதி ஒட்டியிருக்கிறேன் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கை தலைக்குப் போனது.

"எல்லாத்தையும் கொண்டாங்க நானா" என்றார். "ஒண்ணு விடாம. எழுதி ஒட்டினதெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டுக் கொண்டாங்க. நான் குடிச்சுப் பாத்துச் சொல்றேன்."